கணக்குப் புத்தகம் உள்ள மன்றம்

தக்கலை, ஜனவரி 12

இன்று தேசிய இளைஞர் நாள். விவேகானந்தரின் பிறந்த நாளை இளைஞர்களுக்குரிய நாளாக மத்திய அரசு அறிவித்தது 1984-ல். 1892 டிசம்பரில் அவர் வந்து தியானித்த பாறை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதால் இங்கே இந்த நாளுக்குத் தனி மதிப்பு உண்டு. மேடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் சேவை: இரத்ததானம், மரக்கன்று, குளத்தில் ஆகாயத்தாமரை அகற்றுவது. எல்லாமே தேவையானவைதான். ஆனால் தக்கலையைச் சுற்றியுள்ள ஓர் இளைஞர் நற்பணி மன்றத்தில் சேரலாமா என்று யோசிக்கும் இருபது வயதுக்காரருக்கு நான் சொல்லும் காரணம் வேறு. இரத்தம் கொடுக்க அவர் தனியாகவே போய்விடலாம். பத்துப் பேர் முன் ஒரு யோசனையை வைப்பது, அது தோற்றாலும் முகம் திருப்பாமல் அடுத்த கூட்டத்துக்கு வருவது, பொதுப்பணத்துக்கு ரசீது எழுதி ஆண்டு முடிவில் கணக்கை எல்லோரும் கேட்கப் படிப்பது, இவற்றைத் தனியாகப் பழக முடியாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவதாக வந்த மாவட்டம் இது. பட்டம் பெற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தின் தீர்மானத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்பதே என் கவலை.

ஜனவரி 18

கூடிப் பேசிக் கணக்கு எழுதும் பழக்கம் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் தேடித் தொலைவு போக வேண்டாம். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் போனால் மார்த்தாண்டம். 1920-களில், இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் சங்கம் அங்கே ஒரு கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்தியது. அதை முன்னின்று நடத்திய அமெரிக்கர் டி. ஸ்பென்சர் ஹேட்ச், அந்த அனுபவத்தை 1932-ல் நூலாகவும் வெளியிட்டார். தேனீ வளர்ப்பு, நல்ல இனக் கோழி, முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்பது என்று கைச்செலவு குறைந்த தொழில்களை அந்த மையம் சொல்லிக்கொடுத்தது. மக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்ய வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஆலோசனை மட்டும் தர வேண்டும் என்பதே ஹேட்சின் கொள்கை. ஒரு வீட்டு முட்டையும் இன்னொரு வீட்டு முட்டையும் ஒரே பெட்டியில் போகும்போது யாருடையது எத்தனை, எது பெரிது, யாருக்கு எவ்வளவு காசு என்று எழுதி வைத்தாக வேண்டும். அதை எழுதியவர்களும் சரிபார்த்தவர்களும் உள்ளூர்க்காரர்கள். 1937-ல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஹேட்ச் போய்விட்டார், மாநிலமே மாறியது, 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. அதற்குப் பிறகும் ரப்பர் தளிர்விடும் பருவத்தில் தோட்டங்களில் பெட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தேனின் சுவையும் ரப்பர் பரப்பும் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சரக்கைச் சேர்த்து விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் ஊரில் வேர்விட்டிருக்காவிட்டால், முதல் நோயோடு அந்தத் தொழில் முடிந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அது வருமானம் தரும் தொழில், சந்தா கட்டி நடத்தும் மன்றத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் அதற்கும் விடை இருக்கிறது. 1945-ல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் திருவிதாங்கூர் நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய இயக்கத்தால், கேரளத்தின் கிராம நூலகங்கள் இன்றும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுக்களின் கையில் இருக்கின்றன. அங்கே வருமானம் ஏதுமில்லை. தேர்தல் உண்டு, கணக்கு உண்டு. நாமோ 1956 நவம்பர் 1-ல் அந்தப் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தோம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போன போராட்டத்தின் பலன் அது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பொது நூலகம் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நடத்தும் துறை. புத்தகம் வருகிறது, சம்பளம் வாங்கும் நூலகர் வருகிறார். ஊரார் கூடி நிர்வாகம் பழக அதில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்ப நம்மிடம் மீதி இருப்பது இளைஞர் மன்றம்தான்.

ஜனவரி 26

இன்று ஊராட்சிகளில் கிராம சபை. தக்கலை பத்மநாபபுரம் நகராட்சிக்குள் இருக்கிறது, சுற்றிலும் பேரூராட்சிகள். கிராம சபை இவற்றுக்கு இல்லை. நகர்ப்புறத்துக்கான பகுதி சபைக்கு 2022-ல்தான் விதிகள் வந்தன. மக்களிடம் அது இன்னும் பழகவில்லை. சபையில் எழுந்து கேள்வி கேட்கும் துணிவு ஒரே நாளில் வருவதில்லை, சிறிய கூட்டத்தில் பேசிப் பழகியவருக்கே வரும்.

மன்றம் என்றாலே கட்சியின் இளைஞர் அணியோ நடிகரின் ரசிகர் மன்றமோதானே என்பார்கள். பல இடங்களில் அப்படித்தான் ஆகிவிட்டது. ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டி, பொங்கலுக்குப் பரிசு, மேடையில் பணம் கொடுத்தவருக்குப் பொன்னாடை, அதோடு அந்த ஆண்டு முடிகிறது. வசூலான பணம் எங்கே போயிற்று என்று கேட்டவர் மறுவருடம் உறுப்பினராக இருப்பதில்லை. இந்த நோய்க்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிந்தபின் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சேருமுன் அந்த இளைஞர் கேட்க வேண்டியது இதைத்தான்: போன வருடக் கணக்கைக் காட்டுங்கள். காட்டத் தயங்கும் மன்றத்தில் சேர வேண்டாம்.

1972 முதல் மத்திய அரசின் நேரு யுவ கேந்திரா கிராம மன்றங்களை இணைத்துப் பயிற்சி தந்துவந்தது. அத்தகைய உதவி கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அரசுத் திட்டத்துக்காக மட்டும் தொடங்கும் மன்றம் திட்டத்தோடு போய்விடும். படித்ததும் வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போகிறவர்களை வைத்து என்ன நிலைக்கும் என்ற கேள்வி இன்னும் கனமானது. அதனால்தான் எழுதி வைப்பது முக்கியமாகிறது. செயலாளர் விமானம் ஏறினாலும் தீர்மானப் புத்தகம் ஊரில் இருக்கும். அடுத்தவர் அதைத் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பிப்ரவரி 1

கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் இளைஞர் அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக எதற்கு என்பதே எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அந்த அமைப்புகள் ஒழுங்கைக் கற்றுத்தருகின்றன; பலவற்றில் கணக்கும் நேர்மையாக இருக்கிறது. ஆனால் ஒரே மாதிரியானவர்கள் கூடினால் பெரிய கருத்து வேறுபாடு வராது. அதைப் பேசித் தீர்க்கும் பயிற்சியும் வராது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரம் கடற்கரை ஊர்களைப் பிரித்துப்போட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அப்போது எந்தத் தரப்பிலும் அமைப்புகளுக்குக் குறைவிருக்கவில்லை. இரு தரப்பாரும் ஒன்றாக உட்கார்ந்து பழகிய இடங்கள்தான் போதவில்லை. தக்கலையில் பீர் முகம்மது ஒலியுல்லாவின் தர்கா தெருவில் இருப்பவருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைப் பக்கம் இருப்பவருக்கும் ஓடையும் தெருவிளக்கும் பொது. அதைப் பேச இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

பெண்கள் வராத மன்றத்துக்கும் இதே குறை உண்டு. கூட்டம் இரவு எட்டு மணிக்குச் சந்திப்புக் கடை வாசலில் நடந்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? இந்த மாவட்டத்தின் எழுத்தறிவில் பாதி அவர்களுடையது. கூட்டத்தை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அரசுப் பள்ளி வகுப்பறைக்கு மாற்றுவதற்குப் பணம் வேண்டாம், தலைமையாசிரியரின் அனுமதியும் ஒரு தீர்மானமும் போதும். புதிதாகச் சேர்பவர் கொண்டுவரும் முதல் தீர்மானம் அதுவாக இருக்கட்டும். பொருளாளர் பொறுப்பை ஒரு பெண்ணிடம் கொடுப்பது இரண்டாவதாக.