முன்னிருக்கை

கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். அவ்வெழுபதையும் கடப்பது எளிது. நம் வீட்டு வாயிற்படியைக் கடப்பதுதான் அரிதாக இருந்தது.

கரூரிலிருந்து இரண்டு நாள் பயணம். கூடாரம், போர்வை, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, பருப்பு யாவும் முதல் நாளிரவே கட்டி வைக்கப்பட்டன. அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஏழு வயது மகன், அம்மா, அக்கா, நாம் என அறுவர். அண்ணன் பழைய வண்டியொன்றை வாங்கிய நாள் முதலாய்ப் பேசி வந்த பயணம் அது. ஆனால் அக்காவின் பெயர் அந்தப் பேச்சில் ஒருநாளும் வந்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்குமுன் கணவரை இழந்தவர். நாமக்கல் லாரியொன்றின் ஓட்டுநராய் நாடெங்கும் சுற்றிய அம்மனிதர், வடபுலத்துச் சாலையொன்றில் விபத்தில் மாண்டார். அன்று முதல் எவர் வெளியே புறப்பட்டாலும் அக்கா கொல்லைப்புறம் போய்விடுவார். போகுமாறு யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே நடக்குமளவுக்குப் பழக்கிவிட்டோம்.

"அக்கா வருவார், முன்னிருக்கையிலேயே அமர்வார்" என்றோம் நாம். வீட்டில் அரைமணி நேரம் சொற்போர். செங்கற்பட்டில் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாட்டை இழுத்தோம். கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் ஏற்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்றே என்றோம். அம்மா வாய் திறக்கவில்லை. வென்றுவிட்டோம் என்ற இறுமாப்போடு வண்டி ஏறினோம்.

வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கடந்து, நாமக்கல், சேந்தமங்கலம் வழியே அடிவாரமாகிய காரவள்ளியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. சிறுவன் வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டே வந்தான். 37 என்றான், வண்டியின் முகப்பிலிருந்து வெண்புகை கிளம்பிற்று.

வண்டியை ஓரங்கட்டினார் அண்ணன். இறங்கி, முகப்பைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"அண்ணா, தொடாதீங்க!" என்ற கூச்சல் கேட்டது. அக்காவின் குரல் அவ்வளவு ஓங்கி ஒலித்து நாம் கேட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "உள்ளே தண்ணி கொதிச்சுக் கிடக்கும். திறந்தா மூஞ்சியில அடிக்கும். அரைமணி நேரம் ஆறட்டும். சக்கரத்துக்குக் கல்லு வைங்க."

ஆறிய பின் துணி சுற்றி மூடியைத் திறந்ததும் அக்காவே. நீர்க்குழாயைக் கவ்வியிருந்த வளையம் தளர்ந்து, நீர் கசிந்து போயிருந்தது. காய்கறி நறுக்கும் கத்தியின் முனையால் திருகை இறுக்கினார். குடிக்க வைத்திருந்த நீரை ஊற்றினார். குளிர்பதனத்தை அணைத்துவிட்டு ஏறச் சொன்னார். எல்லாம் கணவரிடம் பார்த்துக் கற்றவை.

காரணம் கண்முன் இருந்தது, கசிந்த குழாய். எனினும் அம்மா முணுமுணுத்தார்: "பொறப்படும்போதே நெனச்சேன். கண்ணு, நீ பின்னால போய் உக்காந்துக்கோ."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறி அமர்ந்தார்.

தோழர்களே, அந்த நேரத்தில் நாம் என்ன செய்தோம்? வீட்டில் மாநாட்டுத் தீர்மானங்களை முழங்கிய நாம், வகுப்பில் பிள்ளைகளுக்குப் பகுத்தறிவு போதிக்கும் நாம், நடுவழியில் சண்டை எதற்கு என்று வாய் மூடி நின்றோம். 38, 39 என்று சிறுவன் எண்ணத் தொடங்கினான்.

மேலே சோளக்காடு, செம்மேடு. செம்மேட்டில் உள்ள வல்வில் ஓரியின் சிலையை அண்ணன் படம் பிடித்தார். நமக்கு மனம் ஓடவில்லை. காப்புக்காட்டில் இசைவின்றிக் கூடாரம் அடித்தல் ஆகாது. ஆதலால் மலையாளிப் பழங்குடி உழவர் ஒருவருடைய தோட்டத்து மேட்டில், மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு அருகே இடம் கேட்டுப் பெற்றோம். அவர் மனைவி சாமைச்சோறும் பருப்பும் ஆக்கித் தந்தார். நம் அடுப்பு உறையிலேயே கிடந்தது.

பேச்சுவாக்கில் அந்த அம்மையார் அக்காவிடம், "வூட்டுக்காரரு வரலியா?" என்றார். விவரம் சொன்னோம். "எத்தனை வருசம்?" "நாலு." "அப்புறம் ஏன் இப்படியே இருக்கீங்க? எனக்கும் மொதல்ல கட்டினவரு காய்ச்சல்ல போயிட்டாரு. அறுத்துக் கட்டித்தான் இவரு."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! 1856இல் சட்டம் வந்தது. தருமாம்பாள் அம்மையார் பெயரால் கைம்பெண் மறுமணத்துக்கு அரசு உதவித் திட்டமும் 1975 முதல் உண்டு. அவையெல்லாம் வந்தும் நம் தெருவில் நுழையாத வழக்கம், மலைமீது சோறு பரிமாறும் பேச்சோடு பேச்சாக வாழ்கிறது. மலையில் எல்லாம் மாண்பு என்று மயங்கவும் வேண்டாம். பெண் பிள்ளைகளைப் படிப்பை நிறுத்தி இளமையிலேயே மணமுடிக்கும் கேடு அங்கும் உண்டு. ஆயினும் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எவருக்கும் நம் வீட்டில் நான்கு ஆண்டுகளாய் நா எழவில்லை. அம்மா இலையைப் பார்த்தபடி இருந்தார்.

இரவு குளிர் கடுமை. நெருப்பைச் சுற்றி அமர்ந்தோம். சிறுவன் கதை கேட்டான். அம்மா கொல்லிப்பாவையைப் பற்றிச் சொன்னார்: தேவர்கள் செய்து நிறுத்திய பதுமையாம், வருவோரைக் கண்டு நகைக்குமாம், அந்நகையில் மயங்கினோர் மாள்வராம். இன்று எட்டுக்கை அம்மன் என்று வணங்கப்படுவது அதுவேயாம்.

நமக்குப் பேசும் துணிவு திரும்பிற்று. இம்மலை முன்னாளில் மலைக்காய்ச்சலுக்குப் பெயர்போனது. அஞ்சிய மக்கள் காரணம் அறியாமல் கதை கட்டியிருக்கலாம். கொல்வது பாவையின் நகையன்று, கொசுவின் கடி என்பதற்கான சான்றை 1897இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். 1953இல் நாடளாவிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று என்றெல்லாம் விரித்தோம். சிறுவன் பாதியில் உறங்கிவிட்டான்.

அக்கா நெருப்பில் சுள்ளியொன்றை இட்டார். "அந்தப் பொம்மை சிரிச்சுக் கொன்னுச்சுன்னு சொல்றீங்க, கும்பிடவும் கும்பிடறீங்க. நான் யாரையும் கொல்லலையே அம்மா" என்றார்.

நம் பேச்சு முழுவதும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நெடுநேரம் கூடாரத்துக்குள் போகவில்லை.

மறுநாள் காலை ஆகாய கங்கை. அய்யாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கொட்டும் அவ்வருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட செங்குத்தான படிகள் இறங்க வேண்டும். அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மேலேயே இருந்துவிட்டார். அக்காவும் சிறுவனும் சாரலில் நனைந்து ஆர்ப்பரித்தனர். திரும்ப ஏறியதில் நமக்குத்தான் மூச்சு வாங்கிற்று.

புறப்படும் வேளையில், பின்கதவை நோக்கி நடந்த அக்காவை அம்மா தடுத்தார். "முன்னால உக்காரு. வண்டி சூடானா உனக்குத்தானே தெரியும்."

அச்சம் அகன்றதென்று நாம் சொல்லத் துணியவில்லை, தேவை வந்திருந்தது. அக்கா ஏதும் சொல்லாமல் முன்னே அமர்ந்தார். இறக்கத்தில் அண்ணன் பிரேக்கை மிதித்தபடியே வர, "இரண்டாம் கியர்ல விடுங்க அண்ணா, பிரேக் சூடேறிடும்" என்றார். சிறுவன் 70இலிருந்து பின்னோக்கி எண்ணினான். 37 வந்தபோது குழாய் கசியவில்லை.

மீண்டும் வேலூர்ப் பாலம். காவிரியில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையிலிருந்து அம்மாவின் குரல்:

"மாப்பிள்ளை லாரி ஓட்டினப்போ இந்த மலைக்கு வந்திருக்காராடா கண்ணு?"

நான்கு ஆண்டுகளாய் அம்மாவின் வாயில் வராத சொல் அது. அக்கா திரும்பிப் பார்த்தார். வந்திருக்கிறார், அன்னாசி ஏற்ற, ஒரு மழை நாளில் என்று தொடங்கினார். கரூர் வரும்வரை அவர் நிறுத்தவில்லை.