நின்றால் வேட்டி, நடந்தால் பைஜாமா

கட்டம் போட்ட துணியைச் சட்டை தைக்கக் கொடுத்தால், விவரம் தெரிந்த தையல்காரர் வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் துணி கேட்பார். பாக்கெட்டில் இருக்கிற கட்டமும் அதன் அடியில் மார்பில் ஓடுகிற கட்டமும் ஒன்றாகக் கூட வேண்டும். பட்டன் பட்டியின் இரண்டு பக்கமும் கோடு முறியாமல் போக வேண்டும். அப்படி வெட்டினால் துணி வீணாகத்தான் செய்யும். ஆன்லைன் விளையாட்டில் நமக்குப் பதிலாக ஓடியாடுகிற உருவத்துக்குச் சட்டை வரைகிறவர்களுக்கு இந்தத் துணிக் கவலை இல்லை. கட்டம் சேர வேண்டுமே என்கிற கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த உருவத்துக்கு அவதார் என்று பெயர். இந்தியாவிலிருந்து போன சொல்தான். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் வால் அறுந்துவிட்டது. அவதாருக்கு உடை செய்வதைப் படம் வரைகிற வேலை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், செய்கிறவர்கள் உட்பட. அது தையல் வேலை என்பது என் கட்சி. தையலுக்கு உரிய சிரமம், தையலுக்கு உரிய தோல்வி இரண்டும் அதில் இருக்கின்றன. படம் என்று பார்த்தால் இரண்டுமே கண்ணில் படாது.

2006 முதல் நடந்துவரும் ரோப்ளாக்ஸ் என்ற ஆன்லைன் விளையாட்டுத் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பழைய பாணிச் சட்டைக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு. 585 பிக்சல் அகலம், 559 பிக்சல் உயரம் கொண்ட ஒரே தாள். பெட்டியைப் பிரித்து விரித்தாற்போல உடம்பின் பக்கங்கள் அதில் தட்டையாகக் கிடக்கும். மார்பு 128-க்கு 128, முதுகும் அதே அளவு, விலாப் பக்கங்கள் ஒவ்வொன்றும் 64 அகலம். கைகள் தனியாகக் கீழே இருக்கும். ஒவ்வொரு கைக்கும் 64 அகலத்தில் நான்கு பக்கங்கள். உடம்பின் வரிசையில் முதலில் வலப்பக்கம், அடுத்து மார்பு, இடப்பக்கம், கடைசியில் முதுகு. தாளில் முதுகு ஒரு கோடியிலும் வலப்பக்கம் மறுகோடியிலும் இருக்கின்றன. அவதார் பொம்மையின் மேல் அவை இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். தப்பு நடக்கிற இடம் அதுதான். உடம்பைச் சுற்றி வந்தால் மொத்தம் 384 பிக்சல். 20 பிக்சலுக்கு ஒரு கட்டம் என்று போட்டால் பத்தொன்பது முழுக் கட்டம் போக மிச்சம் ஒரு துண்டு முதுகோரத்தில் தொங்கி நிற்கும். 24 என்று வைத்தால் பதினாறு கட்டம் கச்சிதமாக அடங்கும், உடம்பில். கையின் சுற்றளவோ 256. அங்கே 24 அடங்காது, கட்டம் முறியும். 16 அல்லது 32 என்று வைத்தால் இரண்டிலும் கூடும். வண்ணம், காலர், பட்டன் எல்லாம் யோசிப்பதற்கு முன்னால் இந்த வகுத்தலை முடித்தாக வேண்டும். இது ஓவியரின் கணக்கா, கத்தரிக்கோல் பிடித்தவரின் கணக்கா?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தையலின் உயிர் அளவெடுப்பதில் இருக்கிறது. ஒரு தோள் தாழ்ந்தவர், தொப்பை வைத்தவர், கை நீண்டவர் என்று ஆளுக்கு ஆள் மாறுகிற உடம்புக்கு ஈடுகொடுப்பதுதான் அந்தத் தொழில். எல்லோருக்கும் ஒரே பெட்டி உடம்பு இருக்கிற உலகத்தில் தையலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாதி நியாயம். பக்கத்துத் தெரு டெய்லரிடம் இருக்கிற அந்த ஞானம் இங்கே கிடையாதுதான். ஆனால் ரெடிமேட் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவர் யாருடைய தோளையும் தொட்டு அளப்பதில்லை; அவரைத் தையல் தொழிலுக்கு வெளியே யாரும் தள்ளிவைப்பதும் இல்லை. முகம் தெரியாத பலருக்கு ஒரே வெட்டு பொருந்த வேண்டும் என்பது அவர் தலைவலி. ரோப்ளாக்ஸில் அடுக்கு உடை என்று முப்பரிமாண உடைகள் வந்த பிறகு இந்தத் தலைவலி அங்கேயும் வந்துவிட்டது. உடையைச் சுற்றி உள்ளே ஒரு கூடு, வெளியே ஒரு கூடு என்று இரண்டு கண்ணுக்குத் தெரியாத வலைகளைச் செய்து தர வேண்டும். உள்கூடு உடம்போடு ஒட்டும். வெளிக்கூட்டின் மேல் அடுத்த உடை உட்காரும். குண்டு உடம்போ ஒல்லி உடம்போ, சட்டைக்கு மேல் கோட்டு மாட்டினால் சட்டை பிதுங்காமல் இருப்பது அந்த இரண்டு கூடுகளின் நேர்த்தியைப் பொறுத்தது. அழகாக வரையத் தெரிந்து கூடு கட்டத் தெரியாதவரின் கோட்டைக் கிழித்துக்கொண்டு உள்சட்டை எட்டிப் பார்க்கும்.

வெட்டித் தைத்த உடைக்கே இத்தனை பாடு என்றால் வெட்டாத உடையின் கதி என்ன? இந்த வாதத்தின் கனமான இடம் எனக்கு இதுதான். பழைய பாணிப் பேன்ட் டெம்ப்ளேட்டில் இடது கால் தனிப் பெட்டி, வலது கால் தனிப் பெட்டி. பேன்ட் என்பதே இரண்டு குழாய்தானே. ஜீன்ஸ் வரைகிறவருக்கு இதில் ஒரு குறையும் தோன்றாது. வேட்டி வரைய உட்கார்ந்தால்தான், அந்தத் தாள் வெள்ளைத் தாள் அல்ல என்பது விளங்கும். ஏற்கெனவே யாரோ இரண்டு கால்களாக வெட்டி வைத்த துணி அது. கரையை இரண்டு கணுக்காலிலும் ஒரே உயரத்தில் இழுத்து, கால்களின் உட்பக்கத்தையும் வெள்ளையால் நிரப்பிவிட்டால், பொம்மை நிற்கும்வரை வேட்டி மாதிரிதான் இருக்கும். ஓரடி எடுத்து வைத்ததும் வேட்டி நடுவில் பிளந்து பைஜாமா ஆகிவிடும். சேலைக்கு இன்னும் மோசம். கொசுவத்தின் மடிப்புகளை இரண்டு காலுக்கும் பங்கு போட்டு வரைய வேண்டும். முந்தானையை மார்பின் குறுக்கே தோள்வரை ஏற்றிவிடலாம், தோளுக்குப் பின்னால் தொங்கவிட வழியில்லை. அடுக்கு உடையில் முழுப் பாவாடையாகச் செய்யலாம் என்பது உண்மை. அங்கேயும் துணியின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்போடு எவ்வளவு போக வேண்டும் என்று வெயிட் பிரித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் இருக்கிற துணியை இரண்டு தொடைகளுக்கும் சமமாகப் பிரிக்காவிட்டால், பொம்மை ஓடும்போது கொசுவம் ரப்பர் போல இழுபடும். விளையாட்டைக் கட்டியவர்கள் வேட்டியை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நினைவில் இருந்த உடம்பு பேன்ட் போட்ட உடம்பு, அவ்வளவுதான். 2020-இல் வந்த ஜப்பானிய விளையாட்டான ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ஸில் எண்ணி வைத்த கட்டங்களும் பதினைந்து வண்ணமும்தான் கையில் கிடைக்கும். ஆனாலும் அங்கே தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் உடை வெட்டுகளில் கிமோனோவை வரைய வாகான அங்கி ஒன்று இருக்கிறது. கட்டத்தைக் கொடுப்பவர் எந்த ஊர் என்பது கட்டத்தில் தெரிந்துவிடுகிறது.

கணினியில் வரைவது எல்லையற்ற சுதந்திரம், துணிக்கடையின் விலைப்பட்டியலும் இல்லை, பெற்றோரின் முகச்சுளிப்பும் இல்லை என்று புகழ்கிறவர்களோடு இதனால்தான் எனக்கு ஒத்துப்போவதில்லை. பாதி உடையை டெம்ப்ளேட்டே தைத்துவிடுகிறது. மீதிப் பாதியில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டுகிறார் என்பதுதான் வடிவமைப்பாளரின் மதிப்பு. சட்டையை உள்ளே விட்ட மாதிரி காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோப்ளாக்ஸில் பேன்ட் தாளிலும் உடம்புப் பகுதி உண்டு. சட்டை அதன் மேல் படியும். சட்டையின் அடிப்பகுதியை வரையாமல் வெறுமையாக விட்டு, பேன்ட் தாளில் இடுப்புக்கு பெல்ட் வரைந்தால் சட்டை உள்ளே போய்விடும். தந்திரம் சின்னதுதான், ஆனால் கைப்பழக்கம் இல்லாதவருக்குத் தோன்றாது.

நகல் எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் வரைந்த சட்டையை இன்னொருவர் இறக்கி, அப்படியே மறுபடி ஏற்றி விற்கிறார். இதில் கைவினை எங்கே வாழும் என்கிறார்கள். 2003-இல் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகத்தில், பயனர்கள் செய்கிற பொருளின் உரிமை அவர்களுக்கே என்று அந்த ஆண்டிலேயே அறிவித்தார்கள்; 2006-இல் அங்கேயும் காப்பிபாட் என்ற நகல் கருவி கிளம்பிப் பெரிய ரகளையானது. திருட்டு திருட்டுதான். ஆனால் எந்தத் தெரு ஜவுளிக்கடையில் நகல் இல்லை? நகல் எடுக்கிறார்கள் என்பதே எடுக்கத்தக்க ஒன்று அங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சி. இந்த உடைகளின் மதிப்பை விலையை வைத்துப் பேசுகிறவர்களுக்கு நான் பதில் தேடப் போவதில்லை. 2021-இல் குச்சி (Gucci) என்ற ஆடம்பர பிராண்டின் டிஜிட்டல் கைப்பை ஒன்று ரோப்ளாக்ஸில் அசல் பையைவிட அதிக விலைக்குக் கைமாறியது. அது பிராண்டின் பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும் கிடைத்த காசு. தையலுக்கு அதில் பங்கில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை தான் செய்த சட்டை என்று திரையில் ஒன்றைக் காட்டினால், முன்பக்கத்தை மட்டும் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பொம்மையைத் திருப்பச் சொல்லுங்கள். முதுகும் வலப்பக்கமும் சேருகிற மூலையில் கட்டம் கூடுகிறதா என்று பாருங்கள்.