டெல்ஃப்டில் பன்னிரண்டு நாட்கள்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

நாங்கள் இரட்டையர். ஆகவே இக்கட்டுரை முழுவதிலும் ‘நாங்கள்’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை எங்கள் பெஞ்சில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். ஒரே டிபன் பாக்ஸில் மூவரும் கைபோட்டு உண்போம். 2019ஆம் ஆண்டில் அவளுடைய தந்தைக்கு நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலை கிடைக்கவே, குடும்பத்தோடு காரைக்குடியை விட்டுப் புறப்பட்டாள்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு அவளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. “நான் புதிய பல்லிக்குப் போகிறேன். பல்லி மிகவும் பெரியது” என்று எழுதியிருந்தாள். நாங்கள் அதை வகுப்பில் உரக்கப் படித்தோம். வகுப்பே சிரித்தது. பிறகு பல நாட்கள், சுவரில் பல்லியைக் கண்டால் அவள் பெயரைச் சொல்லி அழைத்து மகிழ்ந்தோம். அதற்குப்பின் அவளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. வெளிநாடு போனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நாங்களே தீர்ப்பும் சொல்லிக்கொண்டோம்.

எங்கள் அம்மாவும் அவளுடைய அம்மாவும் கல்லூரித் தோழிகள். 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு வரும்படி அத்தை வற்புறுத்தி அழைத்தார். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா பயணச்சீட்டு வாங்கித் தந்தார். மாவுருண்டை, மனகோலம், சீப்புச் சீடை, அத்தை ஆசையாகக் கேட்டிருந்த ஓர் ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றோடு ஏப்ரல் 25ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்கினோம்.

அந்த விமான நிலையம் கடல் மட்டத்துக்குச் சுமார் மூன்று மீட்டர் தாழ்வாக இருக்கிறது. ஒரு காலத்தில் அது பெரிய ஏரி. நீராவி இயந்திரங்களால் இறைத்து 1852இல் அதை வற்ற வைத்தார்களாம். கண்மாய் நிரம்பாதா என்று வானத்தைப் பார்க்கும் ஊரிலிருந்து போன எங்களுக்கு, ஏரியை வற்ற வைத்ததைப் பெருமையாகச் சொல்லும் மக்கள் வியப்பளித்தார்கள். அந்நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. 1953 பிப்ரவரியில் கடல் கரைகளை உடைத்துக்கொண்டு புகுந்ததில் 1,836 பேர் மாண்டனர். தண்ணீர் இல்லையே என்பது நம் அச்சம். தண்ணீர் வந்துவிடுமே என்பது அவர்கள் அச்சம்.

எங்களை அழைத்துப்போக வந்த தோழி எங்களைவிட ஒரு சாண் உயரமாயிருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தோம். அவளோ “ஹலோ” என்று சொல்லிக் கையை நீட்டினாள். அந்தக் கை எங்கள் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ரயிலில் டெல்ஃப்ட் நகர் வரும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்ஃப்ட் வாய்க்கால்களும் சிறு பாலங்களும் நிறைந்த பழைய ஊர். வீடுகள் ஒல்லியாகவும் உயரமாகவும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாயிருந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று பின்தெரு வரை நீளும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த கண்களுக்கு அது பொம்மை வீடாகத் தோன்றியது. மாலையில் பலர் ஜன்னல் திரையை மூடுவதேயில்லை. தெருவில் போகிறவருக்கு அவர்கள் உண்பதும் படிப்பதும் தெரியும். ஆயினும் நின்று பார்ப்பவர் எவருமில்லை.

காலையில் ரொட்டி, அதன்மேல் வெண்ணெய் தடவிச் சாக்லேட் துகள்களைத் தூவிக்கொள்கிறார்கள். நண்பகலிலும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். சூடான உணவு மாலை ஆறு மணிக்கு ஒருமுறை. பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களைக் காப்பிக்கு அழைத்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கோத்து தந்துவிட்டு டப்பாவை மூடி வைத்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நம் வீடுகளில் ‘போதும்’ என்றாலும் விடமாட்டார்களே! ஆனால் அதே பாட்டிதான் தம் பேத்தியின் சைக்கிளை நாங்கள் இருக்கும்வரை ஓட்டும்படி கொடுத்தார்.

அந்நாட்டில் மக்கள்தொகை சுமார் 1.8 கோடி, சைக்கிள்களோ 2.3 கோடிக்கு மேல். சைக்கிளுக்கென்று செந்நிறப் பாதை தனியே உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டுவதில் தேர்வும் நடத்துகிறார்கள். எங்களுக்குக் கிடைத்த சைக்கிளில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கும். இது தெரியாமல் எங்களில் ஒருத்தி வழக்கம்போல் பின்னால் மிதிக்க, வண்டி சட்டென்று நின்று அவள் புல்லில் விழுந்தாள். தோழி அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள். மழையிலும் எதிர்க்காற்றிலும் அவள் தினமும் இப்படித்தான் பள்ளிக்குப் போய்வருகிறாள்.

அத்தையின் வாழ்க்கையும் எங்களைச் சிந்திக்க வைத்தது. இங்கே கணக்கு ஆசிரியையாக இருந்தவர், அங்கே ஒரு கடையில் அலமாரிகளில் பொருள்களை அடுக்குகிறார். மாலையில் டச்சு மொழி வகுப்புக்குப் போகிறார். “எந்த வேலையும் இங்க கேவலமில்லம்மா, ஆனா கரும்பலகை ஞாபகம் வராத நாளில்லை” என்று அம்மாவிடம் சொன்னார். ஆத்தங்குடிக் கல்லைப் பிரித்ததும் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். டெல்ஃப்ட் நீலநிற ஓவியக் கற்களுக்குப் பேர்போன ஊர்; அவை சூளையில் சுட்டவை. நம் கல்லோ சூளை காணாதது. கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டுச் செய்வது. இரண்டும் அந்த ஜன்னலோரத்தில் அருகருகே அமர்ந்தன.

ஏப்ரல் 27 அந்நாட்டு அரசரின் பிறந்தநாள். ஊரெங்கும் ஆரஞ்சு நிற உடை. பிள்ளைகள் தெருவில் துணி விரித்துப் பழைய பொம்மைகளை விற்கிறார்கள். தோழியும் கடை விரித்தாள். ஒரு சிறுவன் கிழிந்த படப்புத்தகம் ஒன்றைக் கேட்டான். அவள் அதைச் சட்டென்று எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். “அது விற்கிறதுக்கு இல்லை. அதுலதான் நான் டச்சு படிச்சேன்” என்றாள்.

ஒருநாள் ஸ்கேவனிங்கன் கடற்கரைக்குப் போனோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரை அடையாளம் காண இந்த ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னார்களாம். தொண்டையிலிருந்து காறுவதுபோல் எழும் அந்த ஒலி எங்களுக்கு வரவேயில்லை. பத்து முறை தவறாகச் சொன்னோம். அவள் ஒருமுறைகூடச் சிரிக்காமல், வாயைத் திறந்து காட்டி, மெல்ல மெல்லச் சொல்லிக் கொடுத்தாள். எங்களுக்கு அந்த வாழ்த்து அட்டை நினைவுக்கு வந்தது.

மே 4ஆம் நாள் போரில் மாண்டவர்களை நினைக்கும் நாள். மாலை எட்டு மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. மணியோசை ஓய்ந்ததும் சதுக்கத்தில் இருந்தவர் அனைவரும் அசையாமல் நின்றனர். இரண்டு நிமிடங்கள் குழந்தைகள்கூட வாய் திறக்கவில்லை. வீடு திரும்புகையில், “இரண்டு நிமிஷமே எவ்வளவு நீளம்!” என்றோம்.

“நான் இங்க வந்து ஆறு மாசம் ஸ்கூல்ல பேசவே இல்லை. தப்பா பேசினா சிரிப்பாங்களோன்னு பயம்” என்றாள் அவள். சற்று நின்று, “ஆனா இங்க யாரும் சிரிக்கலை” என்றாள்.

எங்கள் கால்கள் நின்றுவிட்டன. அட்டையைப் பற்றி நாங்களே சொன்னோம். அவளுக்கு அது முன்பே தெரியும். வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். “அதுக்கப்புறம் தமிழ்ல எழுதக் கை வரலை. இப்ப பாதி எழுத்து மறந்துபோச்சு” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். பாலத்தின் மேல் மூவரும் நின்று அழுதோம். மன்னிப்புக் கேட்டோம். அவள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். இம்முறை ‘ஹலோ’ சொல்லவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் இரவு உணவுக்குப்பின் அந்தச் சிறிய மேஜையில் தமிழ் வகுப்பு நடந்தது. ல, ள, ழ மூன்றையும் வரிசையாக எழுதினாள். புறப்படும் நாளில் ஒரு தாளில் ‘பள்ளி’ என்று பெரிதாக எழுதித் தந்தாள். அது எங்கள் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

இப்போது மாதம் ஒரு கடிதம் வருகிறது. பிழைகள் உண்டு. சென்ற கடிதத்தில் ‘மழை பெய்கிறது’ என்பது ‘மலை பெய்கிறது’ ஆகியிருந்தது. அதை நாங்கள் எவருக்கும் படித்துக் காட்டவில்லை. பதில் எழுதும்போது, “இங்கேயும் மழை பெய்தது, ஊருணி பாதி நிரம்பிவிட்டது” என்று எழுதினோம். அடுத்த கடிதத்தில் அவளே திருத்திக்கொள்வாள்.

அன்புத் தோழியரே, நம் வகுப்புக்கும் வேறு ஊரிலிருந்து, வேறு மொழியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் சிரிப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதனால் அவள் பேனாவோ ஐந்து ஆண்டுகள் மூடியே கிடந்தது. இதை நினைவில் வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.