ஸ்காட்லாந்து மழையில் ஒரு சுழல் இருக்கை

ஜூன் மாதம், ராத்திரி பத்து மணி. கிளென்கோ பள்ளத்தாக்கில் இன்னும் இருட்டவில்லை. வேனின் கூரையில் தூறல் விழும் சத்தம். உள்ளே சின்ன அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. முன் இருக்கையை எங்கள் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, "பெருங்காயம் போட்டியாடி?" என்றாள்.

அந்த இருக்கை அப்படித் திரும்புவதற்காக நாங்கள் ஸ்கை தீவையே விட்டுக்கொடுத்தோம்.

தம்பி கிளாஸ்கோவில் இருக்கிறான். பழைய ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கையாக விரியும் பெஞ்ச், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று தானே வீடாக்கி வைத்திருக்கிறான். அந்த ஊர்க்காரர்களுக்கு இது ஒரு செல்லப் பைத்தியம். இந்த வேன் ஜெர்மனியில் 1950இல் தயாராகத் தொடங்கியது. மறுவருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கை, அலமாரி எல்லாம் வைக்க ஆரம்பித்துவிட்டதாம்.

மதுரையிலிருந்து நானும் அம்மாவும் போயிருந்தோம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. வெள்ளோட்டமாகப் பக்கத்து ஊருக்குப் போன அன்றே சிக்கல் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்தால் முன் இருக்கையிலிருந்து இறங்கி, மழையில் நனைந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக மறுபடி ஏற வேண்டும். "நான் இங்கேயே இருக்கேன், தட்டை நீட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். நாங்கள் பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவள் கண்ணாடியைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டாள். தம்பிக்கு அது பொறுக்கவில்லை. அன்று ராத்திரியே சுழல் தகடு ஆர்டர் போட்டான்.

இருக்கைக்கும் அதைத் தாங்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவில் இந்தத் தகட்டைப் பொருத்தினால், இருக்கை பின்பக்கம் பார்த்துத் திரும்பும். டிரைவர் பக்கம் ஹேண்ட்பிரேக் இடிக்கும் என்பதால் அம்மாவின் பக்கம் மட்டும் போதும் என்று முடிவு செய்தான். நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலைதானே என்று நான் நினைத்தேன்.

"அக்கா, கீழே பாரு" என்றான். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்று இருந்தது. இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் ஒளிந்திருக்கிறது. அதற்குப் போகிற வொயர். விபத்து நடந்தால் கண் இமைப்பதற்குள் அந்தப் பையை விரிய வைப்பது உள்ளே இருக்கும் சின்ன வெடிமருந்து. அம்மா தினமும் அதன்மேல்தான் சாய்ந்துகொண்டு வந்திருக்கிறாள்!

அதனால் முதலில் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றினான். வேனுக்குள் விளக்கு எரிய வைத்திருந்த இரண்டாவது பேட்டரியையும் விடவில்லை. மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும் என்று ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தோம். வேனின் இரும்பு உடலைத் தொட்டுவிட்டுத்தான் கனெக்டரில் கை வைத்தான். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம்கூட வம்பு செய்யலாமாம். மீட்டர் வைத்து அந்த வொயரைச் சோதிக்கக் கூடாது, வெட்டி ஒட்டவும் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் மழைக்கு முன்னால் தோற்றான். இருக்கையை வெளியே எடுத்து வைத்த நேரத்தில் மழை கொட்ட, வேனை நிழற்கூரைக்கு அடியில் கொண்டுபோகலாம் என்று பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிவிட்டான். ஏர்பேக்கைக் காணோம் என்று கம்ப்யூட்டர் பதிவு செய்துகொண்டது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இருக்கையை மாட்டிய பிறகும் அணையவில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் சோதனைக் கருவியைக் கொண்டுவந்து, பதிவான பிழையை அழித்துக் கொடுத்தார்.

மறுநாள் அம்மாவை உட்கார வைத்து, ராட்டினம் மாதிரி மூன்று தடவை திருப்பினோம். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. மூன்றாவது தடவை விளக்கு மறுபடி எரிந்தது.

தெரிந்தவர் ஒருவர் போனில் யோசனை சொன்னார். கனெக்டரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகினால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும், விளக்கு அணைந்துவிடும், ஊருக்கே கிளம்பலாம் என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஸ்கை தீவில் தங்க முன்பணம் கட்டியாகிவிட்டது. அம்மாவுக்கும் எனக்கும் திரும்பும் டிக்கெட் பத்து நாளில்.

தம்பி போனை வைத்தான். "விளக்கு அணையும்க்கா. பை விரியாது. அந்த சீட்ல யாரு உட்காரப்போறா?" என்றான்.

மறுபடி பேட்டரி, டீ, போல்ட். இருக்கையைத் தூக்கிப் பார்த்தால், வொயரைத் தகட்டின் ஓரமாகக் கட்டி வைத்திருந்தது தெரிந்தது. இருக்கை திரும்பும்போது தகட்டின் விளிம்பில் உரசி மேல்தோல் கிழிந்திருந்தது. நடு ஓட்டை வழியாகப் போதுமான தளர்வோடு கொண்டுபோயிருக்க வேண்டும். டேப் சுற்றச் சொன்னேன், கேட்கவில்லை. ஏர்பேக் வேலை தெரிந்த ஒர்க்ஷாப்பில் விட்டு, அந்த வொயர்க் கட்டையே மாற்றச் சொன்னான். மூன்று நாள் போனது. ஸ்கை முன்பணமும் போனது. ரெண்டு நாள் அவனோடு நான் சரியாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் கிளம்பினோம். ஏ82 சாலையில் வடக்கே போனால் லோமண்ட் ஏரி வலப்பக்கம் வரும்; அம்மா இடப்பக்கம். "எனக்கு மட்டும் மரமா?" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். ரானக் மூர் சதுப்புவெளி வந்ததும் புலம்பல் நின்றது. மரமோ வீடோ கண்ணில் படாமல், பழுப்பு நிறப் புல்லும் குட்டைகளுமாக வானம் வரை விரிந்த வெளி. அதைத் தாண்டினால் சாலை கிளென்கோவுக்குள் இறங்குகிறது. மூன்று சகோதரிகள் என்று அழைக்கப்படும் மலைகள் சாலையை எட்டிப்பார்க்கின்றன. 1692இல் விருந்தாளியாக வந்து தங்கிய படைவீரர்கள் மெக்டொனால்டு குலத்தாரைக் கொன்ற பள்ளத்தாக்கு இதுதான். தம்பி அதைச் சொன்னபோது அம்மா, "சோறு போட்ட வீட்டுலயா?" என்று மட்டும் கேட்டாள்.

கூடாரம் போட்டுத் தங்க ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. மோட்டார் வாகனத்துக்கு அது பொருந்தாது. எனவே பணம் கட்டும் முகாமில்தான் நிறுத்தினோம். அங்கே மிட்ஜ் என்ற பொடிக்கொசுக்கள் இருக்கின்றன. காற்று அடங்கிய ஈரமான சாயங்காலத்தில் மேகம் மாதிரி மொய்க்கும். எங்கள் இருக்கையோ கதவைத் திறந்தால்தான் சுழலும். "திற, திருப்பு, மூடு" என்று மூன்று பேரும் கத்திக்கொண்டே பத்து விநாடியில் முடிக்கப் பழகிவிட்டோம். தகட்டால் இருக்கை கொஞ்சம் உயர்ந்துவிட, அம்மாவின் கால் தரையில் எட்டவில்லை. ஒரு மரப்பலகையை வைத்துக்கொடுத்தோம்.

அப்படித்தான் அன்று ராத்திரி நாலு மாதத்துக் கதையை அம்மா எங்கள் முகம் பார்த்துப் பேசினாள். ரசம் இரண்டாவது தடவையும் வைக்க வேண்டியிருந்தது.

காலையில் கிளென்ஃபின்னன் கிளம்பினோம், 21 வளைவுகள் கொண்ட ரயில் பாலத்தைப் பார்க்க. தம்பி இருக்கையை முன்பக்கம் திருப்பினான். 'டக்' என்று பூட்டு விழுந்ததும் இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தான். சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு வந்தது. அம்மா கண் எடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அணைஞ்சிருச்சு. எடுடா வண்டிய."