குப்பனுக்கு ஒரு முத்திரை

எங்கப்பா பேர் குப்புசாமி. சேரியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. 1972-இல் நான் பிறந்தபோது பிறப்புப் பதிவேடு கிராம முன்சீப்பிடம் இருந்தது. பரம்பரை வேலை, ஊர்த்தெருக்காரர். 'உனக்கெல்லாம் எதுக்குடா சாமி' என்று 'குப்பன்' என எழுதிக்கொண்டாராம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். அந்தப் பரம்பரை வேலையை 1980-இல் அரசு ஒழித்தது. எழுதினது அப்படியே கிடந்தது.

2016-இல் நான் பிரான்சுக்குப் போக வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் அப்போஸ்டில் வேண்டுமென்றார்கள். 1961 ஹேக் ஒப்பந்தப்படி அயல்நாடுகள் ஏற்கும் சான்றொப்பம். இந்தியாவில் 2005 முதல் நடைமுறை. முதலில் கோட்டையில் மாநில அரசின் கையெழுத்து, பிறகு ஏஜென்சி மூலம் டெல்லி வெளியுறவு அமைச்சகம்.

பாஸ்போர்ட்டில் அப்பா குப்புசாமி, சான்றிதழில் குப்பன். தாலுகா ஆபீசில் திருத்தச் சொன்னேன். 'உங்கப்பாவோட பழைய ரெக்கார்டு ஏதாவது கொண்டாங்க' என்றார்கள். பள்ளிக்கூடம் போகாத, பட்டா இல்லாத மனுஷனுக்கு ஏது ரெக்கார்டு? இரண்டு பேரும் ஒருத்தர்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டு, அதையும் சேர்த்து அனுப்பினேன்.

உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று அப்போஸ்டில் பார்ப்பதில்லை. கையெழுத்தும் முத்திரையும் அசலா என்பதோடு சரி. குப்பன் அசல் என்று டெல்லி ஸ்டிக்கர் ஒட்டி வந்தது.

அம்மாவிடம் காட்டினேன். படிக்கத் தெரியாத அம்மா காகிதத்தைத் தடவிப் பார்த்து, 'அப்பா பேரு சரியா போட்டிருக்காங்களா?' என்றாள்.

'போட்டிருக்காங்கம்மா' என்றேன்.