சாயாத முக்கோணம்

சைக்கிள் கடையைத் தாண்டும்போது அந்த ரப்பர் வாசனை இழுத்தது. "வால்வு டியூப் ஒரு முழம் கொடுங்கண்ணே" என்றேன். "எந்த சைக்கிளுக்கு?" என்றார். என்னிடம் சைக்கிளே இல்லை.

ஏழாம் வகுப்பு அறிவியல் சாரின் சட்டைப்பையில் அந்த டியூப் எப்போதும் இருக்கும். ஆய்வகம் என்றால் எங்களுக்கு ஒரு கண்ணாடி பீரோ. குடுவையும் பிப்பெட்டும் உள்ளே, சாவி தலைமையாசிரியரிடம். சார் அந்தச் சாவியைக் கேட்டதே இல்லை. டியூபை நகத்தளவு நறுக்குவார். மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரு பக்கமும் செருகினால் ஒரு மூட்டு. மூன்றாவது குச்சிக்குக் கருவேல முள்ளால் நடுவில் ஒரு குத்து.

என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குப் பார்வை இல்லை. 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று வந்தாலே, "நீ சும்மா உக்காருப்பா" என்பதுதான் அதுவரை அவனுக்குக் கிடைத்த அறிவியல்.

அன்று முக்கோணமும் சதுரமும் செய்யச் சொல்லி, "என்னடா வித்தியாசம்?" என்றார் சார். "மூணு பக்கம், நாலு பக்கம்!" என்று கத்தினோம். அவன் இரண்டையும் விரலால் நெருக்கிப் பார்த்துவிட்டு, "இது சாயுது சார், அது சாயல" என்றான். அதற்குப் பிறகுதான் நாங்கள் அழுத்திப் பார்த்தோம். பன்னிரண்டு குச்சிக் கனசதுரமும் தள்ளாடியது; ஆறே குச்சி நான்முகி அசையவில்லை. சதுரத்தை எப்படி நிறுத்துவது என்றதும், குறுக்கே கொடுக்க நீளமாக ஓர் ஈர்க்குச்சி கேட்டான். சார் அவனுக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. எல்லார் கையிலும் கொடுத்தார், அவ்வளவுதான். அன்று மாலை மின்கோபுரத்தின் குறுக்குக் கம்பிகளை எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

இந்தத் தீக்குச்சி வித்தை அர்விந்த் குப்தாவுடையது என்று பின்னாளில் தெரிந்தது. டெல்கோ நிறுவன வேலைக்கு ஒரு வருடம் விடுப்புப் போட்டு, 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் போனவர். அங்கே 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், பாடம் பிள்ளைகளின் கைவழியேதான் நடக்கும். 2002இல் மாநில அரசு அதை மூடிவிட்டது. இங்கே தமிழ்நாட்டில் 2022இல் வானவில் மன்றம் என்ற திட்டம் வந்து, கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு பள்ளி பள்ளியாகப் போனபோது, எனக்கு சாரின் சட்டைப்பைதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து தீக்குச்சி தேடினேன். அடுப்படியில் லைட்டர்தான் இருந்தது. சாமி மாடத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. நான்கு குச்சிகளைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

சாய்ந்தது.