அய்யாவுக்கு நான் போட்ட இரும்புக்கை



மூணு நாளா எங்க பக்கம் நல்ல மழை. ஐப்பசி மழைன்னா கரிசக்காட்டுக்காரனுக்குச் சந்தோஷம்தான். ஆனா காட்டுல இறங்க முடியாது. ஈரக் கரிசலில் நாலு எட்டு வச்சா செருப்போட ஒரு கிலோ மண்ணும் சேர்ந்து வரும். மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடிக்க வேண்டியது அப்படியே நிக்குது. சரி, வானம் வெளுக்கட்டும்னு திண்ணையில உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள்ள ஒரே சத்தம். ஏழாவது படிக்கிற மகளோட கணக்கு நோட்டைக் கையில வச்சுக்கிட்டு அவ அம்மா திட்டிக்கிட்டு இருந்தாங்க. நோட்டோட கடைசிப் பக்கம் பூராவும் டோரேமான். ஓரத்துல ஒரு பாரதியார், முண்டாசோட. "கணக்கு போடுற நோட்டுல பொம்மை போட்டா மார்க் எங்கிட்டிருந்து வரும்?" ரெண்டு பேரும் நியாயம் கேட்டு என்கிட்ட வந்தாங்க.

இந்த வழக்குல தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஒண்ணும் பேசாம பரண்ல கிடந்த தகரப் பெட்டியை இறக்கி, அடியில இருந்து ஒரு நோட்டை எடுத்து மகள் கையில குடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு, வரலாறு புவியியல், 1988. முன்பக்கம் இருந்து பத்துப் பக்கம் வரலாறு. பின்பக்கம் இருந்து எண்பது பக்கம் பொம்மை.

எங்க ஊர் இருக்கிற இடம் அப்படி. ஒரு பக்கம் பஸ் ஏறினா எட்டயபுரம், பாரதியார் பிறந்த ஊர். இன்னொரு பக்கம் ஏறினா சிவகாசி, முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அச்சாகி வந்த ஊர். நடுவுல மாட்டிக்கிட்ட பையன் வேற என்ன செய்வான்? ஒரு பக்கத்துல பாரதியாரையும் அடுத்த பக்கத்துல இரும்புக்கை மாயாவியையும் போட்டு வச்சிருக்கேன்.

பாரதியாரைப் போடுறது லேசுன்னு நினைப்பாங்க. முண்டாசு, மீசை, கறுப்புக் கோட்டு, முடிஞ்சுபோச்சு. ஆனா கண்ணுல கோட்டை விட்டா பாரதியார் போலீஸ்காரர் ஆயிருவார். நான் அம்பது பாரதியார் போட்டிருந்தா அதுல நாப்பது பேரு ஏட்டய்யாதான். எட்டாவது படிக்கும்போது எட்டயபுரம் மணிமண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கல்கி முன்னால நின்னு ஊர் ஊரா நிதி திரட்டி, 1947ல திறந்த மண்டபம் அது. எல்லாரும் சுத்திப் பாத்துட்டு முறுக்கு தின்னாங்க. நான் சிலைக்கு முன்னால உட்கார்ந்து அந்தக் கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம்தான் ஓரளவு பாரதியார் பாரதியார் மாதிரி வந்தார்.

உ.வே.சாமிநாதய்யருக்குத் தலைப்பாகை. பாரதிதாசனுக்குக் கண்ணாடியும் மீசையும். வள்ளுவருக்குத் தாடி, கொண்டை. வள்ளுவரைப் போட்ட அன்னைக்குத் தமிழ் வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். "ஏலே, வள்ளுவரை யாரு பாத்தா?" முழிச்சேன். அப்புறம் அவரே சொன்னார். நாம பாக்குற வள்ளுவர் வேணுகோபால் சர்மான்னு ஒரு ஓவியர் வரைஞ்ச முகம். 1964ல சட்டசபையில அந்தப் படத்தைத் திறந்தாங்க. அதுக்கப்புறம் நமக்கெல்லாம் வள்ளுவர்னா அந்த முகம்தான். பாரதியாருக்குப் போட்டோ இருக்கு. அதுல தாடியோட இருக்கிற போட்டோவும் இருக்கு. ஆனா ஊர் மனசுல நின்னது தாடி இல்லாத, முறுக்கு மீசை பாரதிதான். "நாம எப்படிப் பாக்க ஆசைப்படுறோமோ அப்படித்தான் வரையுறோம்"னார் வாத்தியார். அன்னைக்கு அது எனக்குப் பெரிசா விளங்கலை.

காமிக்ஸ் பக்கம் வந்தா, டீக்கடை தினத்தந்தியில கன்னித்தீவு தினமும் பாக்கலாம், காசு வேண்டாம். சிந்துபாத்தை அங்க பாத்து மனசுல வச்சுக்கிட்டு வீட்டுல வந்து போடுவேன். ராணி காமிக்ஸ் கூட்டாளிங்ககிட்ட இரவல். ஆனா என்னோட ஆளு இரும்புக்கை மாயாவிதான். 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே அந்தக் கதையை வச்சுத்தான். எனக்குக் கிடைச்சது அட்டை போன, பழைய புத்தகம். வெளிநாட்டுக் கதைன்னுகூட அப்பத் தெரியாது. பேரு லூயிஸ் கிராண்டேல். விபத்துல வலது கையை இழந்தவன். அந்த இடத்துல இரும்புக் கை. உடம்புல மின்சாரம் பாஞ்சா ஆள் மறைஞ்சிருவான், அந்தரத்துல இரும்புக் கை மட்டும் தெரியும்.

அவனை எனக்குப் பிடிச்சதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, எனக்குக் கை வரைய வராது. கொஞ்சம் படம் போட்டவங்களுக்குத் தெரியும், மூஞ்சியைவிடக் கைதான் கஷ்டம். விரல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் திரும்பும். அதனாலதான் என் புலவர்கள் எல்லாரும் மார்போட நின்னுட்டாங்க. இரும்புக்கைன்னா தொல்லை இல்லை, கட்டம் கட்டமாப் போட்டா கை ஆயிரும்.

ரெண்டாவது காரணம் எங்க அய்யா.

எங்க பக்கம் அப்பாவை அய்யான்னுதான் கூப்பிடுவோம். அய்யாவுக்கு வலது கையில மூணு விரல்தான். நான் மூணாவது படிக்கும்போது கிணத்துல ஆயில் இஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பெல்ட் நழுவினதைச் சரி பண்ணப் போனவரு சுண்டுவிரலையும் மோதிர விரலையும் அதுக்குக் குடுத்துட்டு வந்தார். தோள்ல துண்டு போட்டுப் போன மனுஷன், அதுக்கப்புறம் துண்டைக் கை மேல போட ஆரம்பிச்சார். கல்யாண வீடு, சொசைட்டி, பள்ளிக்கூடம், எங்க போனாலும் வலது கை துண்டுக்குள்ள. வேலைக்கு மட்டும் அந்தக் கை வெளிய வரும். மூணு விரல்ல உழுதார், மூணு விரல்ல பருத்தி எடுத்தார்.

பள்ளிக்கூடத்துல பயலுக எனக்கு வச்ச பட்டப்பேரு 'மூணு வெரல்'. அவருக்கு வச்ச பேரு எனக்கு வந்துருச்சு. அய்யா பள்ளிக்கூடத்துக்கு வந்தா நான் தண்ணித் தொட்டிப் பக்கம் போயி நின்னுக்குவேன். இதை எழுதும்போது இப்பவும் சுருக்குன்னுதான் இருக்கு. ஆனா நடந்தது அதுதான்.

அந்த வருஷம் நோட்டுல நான் அய்யாவைப் போட்டேன். வேட்டி, உருமா, பக்கத்துல ரெண்டு மாடு. வலது கை மட்டும் இரும்பு. மூணு விரல் போட மனசு வரலை, அஞ்சு விரல் போட்டா பொய். இரும்புக்கை போட்டா ரெண்டுமில்லை, யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு.

புவியியல் பாடம் நடக்கும்போது நோட்டு பிடிபட்டுச்சு. நோட்டு கை மாறித் தமிழ் வாத்தியார்கிட்ட போயி, அவரு சனிக்கிழமை டீக்கடையில அய்யா கையில குடுத்துட்டார். "பையன் நல்லா வரையுறான், பாருங்க"ன்னு நல்லவிதமாத்தான் குடுத்திருக்கார். எனக்குத்தான் வயிறு கலங்கிப்போச்சு.

அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, லைட்டுக்குக் கீழ உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாத் திருப்பினார். "இது பாரதியாரு. எட்டயபுரத்துல பாத்திருக்கேன்." "இது வள்ளுவரு. பஸ்ஸுல ஒட்டியிருக்கும்." "இது என்ன, எலிக்குச் சட்டை மாட்டி விட்டிருக்க?" மிக்கி மவுஸ்னு சொன்னேன். அடுத்த பக்கம் திருப்பினார்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"இது ஆருல?"

"நீங்கதான்யா."

"கையில என்ன மாட்டியிருக்கு?"

அடி விழும்னு நினைச்சுக்கிட்டே மாயாவி கதையைச் சொன்னேன். விபத்து, இரும்புக் கை, கரண்டு, ஆள் மறையுறது, கை மட்டும் தெரியுறது, எல்லாத்தையும். அவரு குறுக்கே பேசாமக் கேட்டார். முடிச்சதும் சொன்னார்.

"ஆள் மறைஞ்சிருவான், கை மட்டும் தெரியும். அப்படித்தான?"

"ஆமாய்யா."

"அப்ப நாந்தான்ல அது. இந்தக் கை இப்படி ஆனதுல இருந்து ஒரு பய எம் மூஞ்சியைப் பாத்துப் பேசுறதில்ல. எல்லாவனும் கையத்தான் பாக்குறான்."

கோபமாச் சொல்லலை. மழை வரும்போல இருக்குங்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஊர்க்காரங்க கையைப் பாத்தாங்க. பெத்த பிள்ளை நான் அந்தக் கையைக்கூடப் பாக்கலை. அதைப் பாக்காம இருக்கத்தான் இரும்பு போட்டு மூடியிருக்கேன். அவரு துண்டு போட்டார், நான் இரும்பு போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ன சொல்லுறதுன்னு தெரியாம, "மிக்கி மவுஸுக்கும் நாலு விரல்தான்யா"ன்னு சொன்னேன். பக்கத்தைத் திருப்பி எண்ணிப் பாத்தார். "அவனுக்கு என்னைய விட ஒண்ணு கூட இருக்கேல"ன்னு சிரிச்சார். அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

மறுநாள் தொழுவத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவரு என்னைக் கூப்பிட்டார். "நோட்ட எடுத்துட்டு வா. செவலையைப் போடு பாப்பம்." மாட்டைத்தான் போடச் சொன்னார். ஆனா செவலைக் காளையோட கொம்பைப் பிடிச்சுக்கிட்டு அவரும் அசையாம நின்னார், வலது கையால. துண்டு தோள்ல கிடந்துச்சு. நானும் ஒண்ணும் கேக்கலை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் வழுவழுன்னு மூடிப்போன அந்த இடம். முதல் தடவையா அந்தக் கையை முழுசாப் பாத்தேன். எத்தனை தடவை அழிச்சு அழிச்சுப் போட்டேனோ, அந்த இடத்துல காகிதமே தேஞ்சுபோச்சு.

முடிச்சதும் வாங்கிப் பாத்தார். "மாட்டுக்கு வயிறு பத்தலை, நல்லாத் தின்ன மாடு"ன்னார். கையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

அன்னையில இருந்து துண்டைத் தூக்கிப் போட்டுட்டார்னு எழுதினா கதை நல்லா இருக்கும். அப்படியெல்லாம் நடக்கலை. கல்யாண வீட்டுக்குப் போனா கடைசி வரைக்கும் துண்டு கை மேலதான். ஆனா வீட்டுக்குள்ள மூடலை. நான் மட்டும் அய்யா பள்ளிக்கூடத்துக்கு வந்தா தண்ணித் தொட்டிப் பக்கம் போறதை நிறுத்திட்டேன்.

படம் போடுறது பத்தாவதோட நின்னுபோச்சு. அதுக்கப்புறம் காடு, கிணறு, கடன்னு ஓடியாச்சு. அய்யா போயிப் பதினோரு வருஷம் ஆகுது. சுவத்துல மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோ, ஏதோ கார்டுக்கு எடுத்ததைப் பெரிசு பண்ணினது. என் புலவர்கள் மாதிரி அவரும் மார்போட நிக்கிறார். அவரு கை இருக்கிற படம் இந்த ஒரு நோட்டுலதான் இருக்கு.

மகள் ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தா. இரும்புக்கை போட்டது நல்லா இருக்குன்னு சொல்லுவான்னு நினைச்சேன். மூணு விரல் படத்துல விரலை வச்சு, "தாத்தாவுக்கு வலிச்சிருக்குமாப்பா?"ன்னு கேட்டா. நான் அந்தக் கேள்வியை அவர்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்லை.

வழக்குக்குத் தீர்ப்பு என்னன்னு கேக்குறீங்களா? கணக்கு நோட்டுல பொம்மை போடக் கூடாது, பொம்மைக்குன்னு தனியா ஒரு நோட்டு வாங்கித் தரணும். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப அவ திண்ணையில உட்கார்ந்து என் கையைப் பாத்துப் போட்டுக்கிட்டு இருக்கா. டோரேமானுக்கு விரலே கிடையாது, உருண்டைக் கைதான். அதனால விரல் போட அவளுக்கும் வரலை. அழிச்சு அழிச்சுப் போடுறா. அசையாதீங்கப்பான்னு ரெண்டு தடவை அதட்டியாச்சு.

மேற்க வானம் கொஞ்சம் வெளுத்திருக்கு. நாளைக்குக் காட்டுல கால் வைக்க முடியுதான்னு பாக்கணும்.